இன்னொரு குத்து

மகன் முழங்கை மடிப்பைச் சொறியும் சத்தம் கேட்டால், எட்டு வயதில் எனக்கு வந்த கரப்பான் என்ற தோல் நோய்தான் நினைவில் எழுகிறது.

மார்கழிக் காற்றில் தோல் வறண்டு வெடித்து நீர் கசிந்தது. ஜெயமங்கலத்தில் அதைப் பெருநோய், தொழுநோய்தான் என்றார்கள். என்னை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள்.

ஆத்தாவும் அப்பாவும் என்னைப் பெரியகுளத்து வைத்தியரிடம் வண்டியில் கூட்டிப்போனார்கள். அவர் என் தடிப்பில் ஊசியால் குத்தினார். அலறினேன்.

"பெருநோயின்னா இந்த வலி தெரியாது. இது கரப்பான். வீட்டுல யாருக்காச்சும் மூச்சிரைப்பு இருக்கா?"

"எனக்கு இருக்குங்க," என்றார் அப்பா.

"அந்த வழியில வந்ததுதான். கம்பளியப் போத்தாதீக, சொறிய விடாதீக."

ஆத்தா நம்பாமல் என் கையைப் பிடித்து நீட்டினாள்.

"இன்னொருக்கா குத்துங்க, சாமி."

மறுபடி அலறினேன். அப்போதுதான் அவள் அழுதாள்.