தீர்மானத்துக்குக் கீழே என் பேரு

சுதந்திர தினத்தன்னிக்குக் கொடியேத்தின கையோட கிராம சபை வைப்பாங்க. கும்மிடிப்பூண்டி கம்பெனிங்க எங்க ஊர் எல்லையைத் தொட்ட வருஷம் அது. ஊர் மாடெல்லாம் மேயுற மேய்க்காலை ஒரு கம்பெனி கேக்குதுன்னு பேச்சு. எனக்கு நாலு மாடு. அந்தப் புல்லு போச்சுன்னா நாலையும் விக்க வேண்டியதுதான்.

பள்ளிக்கூட வாசல்ல ஊராட்சித் தலைவர் மைக்கைப் பிடிச்சினு, வெள்ளைக்காரன் நம்ம மண்ணை எப்படிச் சுரண்டினான், எப்படி விரட்டினோம்னு தொண்டை கட்டப் பேசினாரு. ஏதோ இவரே விரட்டின மாதிரி. அரை மணி கழிச்சு கிராம சபை. ஒருத்தர் மேய்க்கால் பேச்சை எடுத்ததும் அதே வாய் சொல்லுச்சு:

“அது மேய்க்காலே இல்லய்யா, தரிசு. வெள்ளைக்காரன் அளந்து எழுதி வச்ச ரெகார்டு. அதை யாரால மாத்த முடியும்?”

எழுந்து கேக்கலாம்னா, கூட்டத்துல எனக்கு வாய் வராது. கல்யாண ஊட்டுலயே தூண் மறைவுல நிக்கிறவ நான்.

கிளார்க்கு கையெழுத்து நோட்டைக் கொண்டாந்தான். போட்டவங்களுக்கு பூந்திப் பொட்டலம். என் ஓரகத்தி மளமளன்னு போட்டுட்டு, “சீக்கிரம் போடுக்கா, தீந்துடப் போவுது”ன்னா.

நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. நோட்டைப் பார்த்தேன். மேல ‘தீர்மானம்’னு தலைப்பு. அப்புறம் முக்கால் பக்கம் வெறும் வெள்ளை. அடியிலதான் கையெழுத்துங்க.

“இங்க இன்னா எழுதுவ?”ன்னு கிளார்க்கை மெதுவாக் கேட்டேன்.

“அதெல்லாம் நாங்க பொறுமையா எழுதிக்குவோம். உனக்குப் பேர் எழுத வருமா, இல்ல கட்டைவிரல்ல மை தடவட்டுமா?”

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. தலைவரும் சிரிச்சாரு.

பேனாவை வாங்கினேன். தலைப்புக்குக் கீழேயே ஆரம்பிச்சு என் பேரை எழுதினேன், சிலேட்டுல எழுதற மாதிரி பெருசா. வாயால சொல்லாத என் ஊட்டுக்காரர் பேரையும் எழுதினேன். இன்னும் இடம் இருந்துது. ‘மேய்க்கால் தரிசு இல்ல’ன்னு எழுதி ரொப்பினேன்.

“ஐயோ, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்ட நோட்டு! கிழிக்கவும் முடியாதே!”ன்னு கிளார்க்கு கத்தினான்.

“உன்னை யாரும்மா எழுதச் சொன்னது?”ன்னு தலைவர் பாய்ஞ்சாரு.

“எழுத வருமான்னு இவருதான் கேட்டாரு”ன்னேன். பேனாவை அவன் கையில குடுத்தேன்.

மேய்க்காலைக் கம்பெனிக்குக் குடுக்கிற தீர்மானம் அந்தத் தடவை மேலிடத்துக்குப் போகல. எனக்குப் பூந்தியும் குடுக்கல. அடுத்த வருஷம் கிராம சபைக்கு எங்க தெருவுக்கு மட்டும் தகவலே வரல. மாடுங்களை மேய்க்கால்ல விட்டுட்டு நானாவே போனேன். என்னைப் பார்த்ததும் கிளார்க்கு நோட்டை மூடினான். முன்னாடி போய் உக்காந்தேன். அவன் எப்ப திறக்கிறான்னு பார்த்துக்கினே இருந்தேன்.