மூன்றாவது கேள்வி

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் கேமரா அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். முழங்கால் தேய்ந்துபோய், மேடைக்கும் பந்திக்கும் ஓட முடியாமல், ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தார். டாக்டர்கள் பேசுவதைப் படம்பிடித்து, வெட்டி ஒட்டி, நோயாளிகளுக்குப் புரிகிற மாதிரி ஆக்கித் தருவது அவர் வேலை. அதை நோயாளிகளுக்குப் போட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. நான் நர்ஸ். இது அவருடைய கதை என்று சொல்லித்தான் எழுத ஆரம்பிக்கிறேன். பாதியில் என் கதையாகிவிட்டால் நான் பொறுப்பல்ல என்று சொல்ல ஆசை. ஆனால் நான்தான் பொறுப்பு.

அப்போது ஒரு குடலிறக்க ஆய்வு நடந்தது. அந்த ஆபரேஷனை இரண்டு விதமாகச் செய்யலாம். பெரிதாக ஒரு வெட்டு, அல்லது சின்னச் சின்னதாக மூன்று துளை. நாள்பட எது நல்லது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வு. சேருகிறவர்களில் யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் முடிவு செய்யும். டாக்டரும் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது, நோயாளியும் முடியாது. இதைத் தெரிந்துகொண்டு சம்மதிப்பவர்களை மட்டும்தான் சேர்க்கலாம்.

முதலில் எடுத்த வீடியோவில் எங்கள் சர்ஜன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்து வாசித்தார். பாதி வீடியோவிலேயே நோயாளிகள் கொட்டாவி விட்டார்கள். குலுக்கல் என்ற சொல் வந்ததும் விழித்துக்கொண்டு, "ஆள விடும்மா" என்று எழுந்து போனார்கள். பத்துப் பேரில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் பெரிது. சர்ஜன் என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லாமல் போனது.

"குடுங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்" என்றார் கேமரா அண்ணன்.

கல்யாண வீடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது அறுவையாகப் பேசினால் சத்தத்தை மட்டும் ஓடவிட்டு, திரையில் வேறு நல்ல முகத்தைக் காட்டிவிடுவார்கள். இவரும் அதையே செய்தார். குலுக்கலைப் பற்றிய வாக்கியம் வரும் இடத்தில், சர்ஜன் ஒரு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, யோசித்து, மெல்லத் தலையசைக்கும் காட்சியைப் போட்டார். பின்னால் லேசாகப் புல்லாங்குழல். உண்மையில் சர்ஜன் தலையசைத்தது, "டீ வந்துருச்சு சார்" என்று யாரோ சொன்னதற்கு. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு பத்துக்கு எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். சர்ஜன் அண்ணனைத் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்கும் ஒரு புன்சிரிப்பு கிடைத்தது.

வீடியோ முடிந்ததும் நோயாளியிடம் நான் மூன்று கேள்வி கேட்க வேண்டும். மூன்றாவது, "உங்களுக்கு எந்த ஆபரேஷன் என்று முடிவு செய்வது யார்?" தப்பாகச் சொன்னால் மறுபடி விளக்க வேண்டும். அப்படியும் புரியாவிட்டால் சேர்க்கக் கூடாது. புதிய வீடியோ வந்த நாளிலிருந்து அனேகம் பேர் சொன்ன பதில், "டாக்டர்." நான் ஒருமுறை, "இல்லைங்க, கம்ப்யூட்டர்" என்பேன். அவர்கள் "சரி சரி" என்பார்கள். நான் டிக் அடிப்பேன். சரி சரி என்று சொல்பவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பதினேழு வருட நர்ஸ் நான். வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அப்படியிருக்கையில் ஒருநாள் அண்ணனின் மாமனாரே குடலிறக்கத்தோடு வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வாய் நீளம். மாப்பிள்ளை தொழிலை மனுஷன் ஒருநாளும் மதித்ததில்லை. "ஊரான் வீட்டுக் கல்யாணத்துல வெளக்கு புடிக்கிறவரு" என்று பெண்ணிடம் குத்திக்காட்டியே காலத்தை ஓட்டியவர். அன்றைக்கு என் அறையில் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது என் மாப்பிள்ளை எடுத்ததா? நெஜமாவா? டாக்டர் எவ்ளோ அக்கறையா பாக்குறாரு பாரும்மா!"

மூன்றாவது கேள்வியைக் கேட்டேன்.

"இதென்னம்மா கேள்வி? டாக்டர்தான்."

"இல்லைங்கய்யா, கம்ப்யூட்டர்."

"ஆமாமா, இப்பல்லாம் டாக்டருங்க எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லதானே பாக்குறாங்க."

டிக் அடித்தேன். சொந்தக்காரர் என்பதால் கேமரா அண்ணன் உள்ளே வராமல் வெளியிலேயே நின்றிருந்தார். கதவைத் திறந்ததும், "புரிஞ்சுதாமா அவருக்கு?" என்று கேட்டார். நல்லாப் புரிஞ்சுது என்றேன்.

கம்ப்யூட்டர் அவருக்குப் பெரிய வெட்டைக் கொடுத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இருமினால் உயிர் போகிற வலி. பக்கத்துக் கட்டிலில் மூன்று துளை போட்ட ஆள் மறுநாளே எழுந்து நடந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் நான் மாத்திரை கொடுக்கப் போனபோது, வீட்டுக்குப் போகப் பை கட்டிக்கொண்டிருந்த அந்த ஆளுக்கு மாமனார் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுதான். ஆனா டாக்டர் சும்மா செய்வாரா? என் ஸ்கேனைத் தூக்கிப் புடிச்சுப் பாத்து, இந்த ஒடம்புக்கு இதான் சரின்னு அவரே முடிவு பண்ணிருக்காரு. வீடியோவுலயே காட்டுனாங்களே, நீ பாக்கலையா?"

கஞ்சிப் பாத்திரத்தோடு உள்ளே வந்த கேமரா அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. பாத்திரத்தைக் கட்டிலின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோவை ஓட்டினார். ஸ்கேன், யோசனை, தலையசைப்பு. சத்தமில்லாமல் பார்த்தால், டாக்டர் உங்களுக்காகத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

"அழகா இருக்கணும்னுதான் போட்டேன் சிஸ்டர். பொய் சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "மத்தவங்களும் இப்படித்தான் நெனச்சாங்களா? நீங்க கேள்வி கேப்பீங்களே" என்றார்.

"இல்லண்ணா. எல்லாரும் கரெக்டாத்தான் சொன்னாங்க."

இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

அவர் அன்றைக்கே சர்ஜனிடம் போய்ச் சொன்னார். அடுத்த வாரம், ஆய்வுகளைக் கண்காணிக்கும் ஆஸ்பத்திரிக் குழு கூடியது. ஆய்வை நிறுத்தி வைத்தார்கள். ஏழு பேர் உட்கார்ந்திருந்த மேஜைக்கு முன்னால் அவர் வலிக்கிற முழங்காலோடு நின்றுகொண்டே பேசினார். தப்பு முழுக்க அவருடையதுதான் என்றார். என் படிவங்களை எடுத்துப் பார்த்த ஒருவர், இதில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். "சிஸ்டர் அவங்க வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க சார்" என்றார் அண்ணன், என்னைக் கைகாட்டி. நான் மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அதையும் வாங்கிக் குடித்தேன்.

புதிய வீடியோ எடுக்க வேண்டும், சேர்ந்த முப்பத்தொரு பேரையும் திரும்ப வரவழைத்து அதைக் காட்ட வேண்டும், விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று முடிவானது. இந்தமுறை புல்லாங்குழல் கிடையாது. சர்ஜன் வெறுங்கையோடு கேமராவைப் பார்த்து, "எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு எதுன்னு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். குலுக்கல்தான்" என்று சொல்ல வேண்டும். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. பதினோரு தடவை எடுத்தோம். அண்ணன் பொறுமையாக, "இன்னொருக்கா சார்" என்றபடி நின்றார்.

மாமனாருக்கு விஷயத்தை அண்ணன் முன்பே வீட்டில் சொல்லியிருந்தார். முதல் ஆளாக அவர்தான் வந்தார், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெல்ல நடந்து. இந்தமுறை குழு சொன்னபடி, கேள்வி பதிலைப் படம்பிடிக்க அண்ணனும் அறைக்குள் இருந்தார். மாமனார் வீடியோவை இமைக்காமல் பார்த்தார். நான் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன்.

"கம்ப்யூட்டர். குலுக்கல் போட்டு. டாக்டருக்கு அதுல வேலையில்ல" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அவர் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். "எனக்கு ஒண்ணுதாம்மா புரியல. அன்னைக்கும் நீங்க இதே கேள்விய கேட்டீங்க. நான் டாக்டர்னுதானே சொன்னேன்?"

"ஆமாங்கய்யா."

"அப்ப நீங்க என்ன எழுதுனீங்க?"

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் அதற்குப் பின்னாலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார்.

"புரிஞ்சுதுன்னு எழுதுனேன்."

மாமனார் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் கேமராவை நிறுத்துவார் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. என்னை அசிங்கப்படுத்துவதற்காக அல்ல. வெட்டி ஒட்டுவதை அவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

"இவருக்கு மட்டுமா சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

கணக்குப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஒவ்வொரு டிக் அடிக்கும்போதும் நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இருபத்தாறு பேர்ணா" என்றேன்.