பானெட் சுட்ட வண்டி

கார் சீட்டுக்கு உறை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை யாராவது மறுக்கட்டும், பார்க்கலாம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அடுத்தவர் கடையில் பஞ்சு பிரிக்கப் போனவள். இன்று சொந்தக் கடை, சொந்த மெஷின், கீழே வேலை செய்ய நாலு பேர். ஊர் அவளை சீட் அக்கா என்றே கூப்பிடும். பெற்றோர் வைத்த பெயரை அவள் வீட்டுக்காரரே மறந்திருப்பார்.

சீட்டைத் தொட்டுத் தொட்டே வண்டியின் வண்டவாளம் முழுக்க அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. பழைய கார் வாங்குகிறவர்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறார்களோ இல்லையோ, சீட் அக்காவைக் கூட்டிப் போவார்கள். அவளும் சும்மா போக மாட்டாள். "நான் பார்த்து விட்ட வண்டி ரோட்டுல நின்னதா சரித்திரமே இல்ல" என்று பாதி வழியிலேயே ஆரம்பித்துவிடுவாள். கேட்கிறவர்களும் கேட்டுக்கொள்வார்கள், ஏனென்றால் அது உண்மை.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் கொழுந்தன் விஷயத்தில்தான் சோதனை வந்தது. அவன் டிரைவராக இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் இரண்டு குழந்தைகள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் ஆஸ்பத்திரி ஒன்று, சொந்தமாகக் கார் இருந்தால் நோயாளிகளைக் கூட்டி வந்து திரும்ப வீட்டில் விடும் வேலையைத் தருகிறோம் என்றது. மாதம் முடிவதற்குள் காரோடு வர வேண்டும். கையிலிருக்கும் காசுக்கு நிறைய ஓடித் தேய்ந்த வண்டிதான் கிடைக்கும். ஆனால் நோயாளியை ஏற்றிக்கொண்டு நடுவழியில் நின்றால் வேலையும் போகும், பழியும் வரும்.

முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது. மீட்டர் அறுபதாயிரம்தான் காட்டியது. கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். சீட் அக்கா டிரைவர் சீட்டை ஒரு அமுக்கு அமுக்கினாள். பஞ்சு எழும்பவே இல்லை. பிரேக் மிதியின் ரப்பர் மழுங்கி வழவழவென்று கிடந்தது. பின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தாள்; உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. விற்பவனிடம் அவள் சண்டை எதுவும் போடவில்லை. மீட்டருக்கு ரொம்ப சின்ன வயசு, சீட்டுக்குத்தான் பாவம் வயசாகிப்போச்சு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

அடுத்தது ஒரு வயதான டாக்ஸிக்காரருடையது. கண் பார்வை மங்கியதால் விற்கிறார். மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றது. சீட் அக்கா எந்த வண்டியிடம் போனாலும் முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பாள். வண்டி ஆறிப்போய் இருக்க வேண்டும். ஆறின எஞ்சினை ஸ்டார்ட் செய்தால்தான் புகையும் இருமலும் வெளியே வரும். சூடாக இருந்தால் எந்தக் கிழட்டு எஞ்சினும் குமரன் வேஷம் போடும்.

பானெட் சுட்டது.

திறந்து பார்த்தாள். எஞ்சின் கழுவித் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் மின்னியது. கசிவு இருந்த தடம்கூடத் தெரியாது. மிதி ரப்பர் புதுசு. சீட்டுக்கெல்லாம் மொடமொடவென்று புது உறை. ஏமாற்றுக்காரன் செய்யும் வேலை ஒன்றுகூட பாக்கியில்லை. பெரியவரோ கைகட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வயசுக்கு மரியாதை குடுத்து ஒண்ணும் சொல்லாம போறேங்கய்யா" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டாள்.

கொழுந்தன் பின்னாலேயே ஓடி வந்தான். மாதம் முடிய நாலே நாள். அழாத குறையாகப் புலம்பிக்கொண்டே வந்தவன், தெருமுனையில் நின்றுவிட்டான்.

"எல்லாத்தையும் மாத்தின மனுஷன் மீட்டர மட்டும் ஏன் அண்ணி விட்டாரு? அதத்தானே முதல்ல குறைப்பாங்க?"

சீட் அக்கா நின்றாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். அதைத்தான் தானும் இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். கொழுந்தன் ஆமாம் என்று தலையாட்டி வைத்தான். அவனும் பிழைக்கத் தெரிந்தவன்.

ஒரு வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போனது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. பெரியவர் படியில் தொங்கிப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஏன் எல்லாம் புதுசு என்று நேராகவே கேட்டாள்.

"நீங்க வர்றீங்கன்னு இந்தத் தம்பி சொல்லுச்சும்மா. என் பிள்ளைகள ஆளாக்கின வண்டி. உங்க முன்னாடி அதக் கிழிஞ்ச துணியோட நிறுத்த மனசு வரல. காலையில குளிப்பாட்டி ஒரு சுத்து ஓட்டிட்டும் வந்தேன்."

பெண் பார்க்க வருகிறார்கள் என்று மகளைச் சோடிப்பதுபோல் சோடித்திருக்கிறார் மனிதர். அவள் பேருக்கு இருந்த மரியாதையே அவரைத் திருடனாக்கப் பார்த்திருக்கிறது.

அதற்காக அவர் பேச்சை அப்படியே நம்பிவிட அவள் என்ன நேற்றுப் பிறந்தவளா? கழற்றின பழைய உறைகள் எங்கே என்று கேட்டாள். கொல்லையிலிருந்து ஒரு சாக்கு மூட்டை வந்தது. எல்லாவற்றையும் தரையில் விரித்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். டிரைவர் இறங்கும் பக்கத்து ஓரம் நூல் நூலாகத் தேய்ந்திருந்தது. பின்னால் ஆட்கள் உட்காரும் இடம் வெளுத்திருந்தது. விட்டுப்போன தையலை யாரோ வீட்டு ஊசியால் பொறுமையாகப் போட்டிருந்தார்கள். நீர் ஏறிய கறை எங்கேயும் இல்லை. மூன்று லட்சம் ஓடின வண்டியின் துணி எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. மீட்டரும் துணியும் ஒரே பேச்சுப் பேசின.

பிறகு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டு, எஞ்சின் ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் மனைவி தேநீர் கொடுத்தார். மத்தியானம் போய் வெயில் தாழ்ந்தது. பானெட் மேல் மறுபடி கை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் புகைக்குழாய்ப் பக்கம் போய்க் குனிந்தாள். கொஞ்சம் இருமியது, கொஞ்சம் புகைந்தது, உடனே தெளிந்துவிட்டது. எண்ணெய் மூடியின் உள்பக்கம், தண்ணீர் கலந்தால் படியும் வெள்ளைப் பிசின் இல்லை. அட்டையில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். ஏற்றம் உள்ள தெருவில் ஓட்டிப் பார்த்ததில் கிளட்ச் கடைசி நேரத்தில்தான் பிடித்தது.

அவளே எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். கிளட்ச் மாற்ற வேண்டும், கசிகிற இடத்தை அடைக்க வேண்டும், எஞ்சின் பெல்ட்டைப் பழசு புதுசு பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். பெரியவர் எதையும் மறுக்கவில்லை. கிளட்ச் தேய்ந்தது தனக்கும் தெரியும் என்று அவரே ஒப்புக்கொண்டு, விலையில் இறங்கி வந்தார். சாவியை வாங்கிக்கொண்டே கொழுந்தன் கேட்டான்.

"இது வழியில நிக்காதுல்ல அண்ணி?"

"ஓடுற எந்த வண்டியும் ஒருநாள் நிக்கும்டா. ஆனா நிக்கிறதுக்கு முன்னாடி சத்தம் குடுக்கும். பாட்டுப் பெட்டிய அமத்திட்டுக் காதை அதுகிட்ட வச்சு ஓட்டு."

கிளட்சும் பெல்ட்டும் மாறி, மாதம் முடிவதற்குள் வண்டி ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. முதல் நாள் ஏறிய நோயாளி அம்மா ஒருவர், சிகிச்சை முடிந்து திரும்பும்போது களைப்பில் பின் சீட்டிலேயே தூங்கிவிட்டாராம். வீடு வந்து எழுப்பினபோதுதான் வண்டி ஓடிக்கொண்டிருந்ததே அவருக்குத் தெரிந்ததாம். கொழுந்தன் கடைக்கு ஓடி வந்து, கண் கலங்க அதைச் சொன்னான்.

சீட் அக்கா மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தூங்காம என்ன செய்வாங்க? வண்டி யாரு பார்த்தது?"