பூட்டிய வீட்டில் கஞ்சி குடித்தவர்

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்த முதல் ஆள், பி.எஸ்ஸி. விலங்கியல் வரைக்கும் போனவன். கிறிஸ்தவன்தான், சரீரம் உயிர்த்தெழும் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்வேன். ஆனால் தவளையை அறுத்துப் பார்த்தவனுக்கு அதெல்லாம் வாயோடு நின்றுவிடும்.

தொண்ணூறுகளின் முடிவு, கல்லூரியில் கடைசி வருஷம். ஈஸ்டருக்கு முந்தின வாரம் எனக்கு அம்மை போட்டது. அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்ததால் எல்லாரும் பின்தெருவில் மாமா வீட்டுக்குப் போய்விட, காஞ்சிபுரத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் நான் மட்டும். எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள், அதைப் பார்த்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். அம்மாவுக்கும் செருக ஆசைதான். சபை ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், பார்த்தால், இன்னும் மாரியாத்தாளை விடவில்லையா என்று கேட்பாரே என்ற பயம். கடைசியில் வேப்பிலையை என் பாய்க்கு அடியில் பரப்பிவிட்டாள். வாசலில் ஒன்றும் இல்லை.

அசிங்கத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. கொப்புளங்கள் உடைந்து சீழ் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் தோலோடு வரும். வாய்க்குள்ளும் கொப்புளம். ஜன்னல் வழியாகச் சாக்கடையாகிப் போன வேகவதி ஆற்றின் நாற்றம், அதற்கு மேல் என் நாற்றம். இந்த உடம்பா எழுந்திருக்கப் போகிறது, எதற்கு? அருவருத்துப்போய் சாப்பாட்டையே நிறுத்திவிட்டேன். அழுகிப் போகட்டும், தொல்லை விட்டது என்றுதான் கிடந்தேன்.

சனிக்கிழமை காலை அம்மா கஞ்சியை வைத்துவிட்டு அழுதாள்.

"ரெண்டு வாய் குடி நைனா. இப்டியே படுத்துக்கினு இருந்தா மண்ணுக்குத்தான் போவ."

"போறேன், விடும்மா."

"நாளைக்கு ஈஸ்டரு, பேசுற பேச்சைப் பாரு!" மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள். ஒரு வாய் வைத்துப் பார்த்தேன், எரிந்தது, கிண்ணத்திலேயே துப்பிவிட்டேன்.

மத்தியானம். பக்கத்து வீட்டுத் தறிகூடச் சாப்பாட்டுக்கு நின்றிருந்தது. கண்ணைத் திறந்தால் ஒரு ஆள் என் அருகில் குந்தியிருக்கிறார். கையெல்லாம் சுண்ணாம்பு, நகத்துக்குள் ஈர மண். ஈஸ்டருக்காகக் கல்லறைகளைச் சுத்தம் செய்து வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். அங்கிருந்து வருகிறவர், வாசலில் வேப்பிலை இல்லாததால் தெரியாமல் நுழைந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அண்ணே, கிட்ட வராதீங்க, அம்மை."

"தெரியுதுபா. கஞ்சி வீணாப் போவுது பாரு."

நான் துப்பிய கஞ்சி அது. ஈ வேறு மிதந்தது. அந்த மண் நகத்தாலேயே ஈயை எடுத்துப் போட்டுவிட்டு உறிஞ்சிக் குடித்தார், தாடையில் வழிந்ததையும் வழித்து நக்கினார்.

"உங்களுக்கு அருவருப்பா இல்லையாண்ணே?"

"பசி வந்தா அதெல்லாம் எவன் பாக்குறான்? நீதான் பசிக்காத பெரிய ஆளு." சிரித்துக்கொண்டே, உடைந்த கொப்புளங்கள் மேலேயே என் கெண்டைக்காலில் கையை அழுத்தி வைத்தார். சில்லென்று இருந்தது. "இதுதான்பா எழுந்திருக்கும். வேற ஒடம்பு ஒண்ணும் எடுத்து வெக்கல."

திரும்பி வாந்தியெடுத்தேன். நிமிர்ந்தால் ஆள் இல்லை. நம்பினால் நம்புங்கள், அந்த வாந்தியோடு அப்படி ஒரு பசி. பின்தெருவுக்கே கேட்கும்படி அம்மா என்று கத்தினேன். அவள் ஓடி வருவது கேட்டது, அப்புறம் பூட்டில் சாவி திரும்புகிற சத்தம்.

"பூட்டியா இருந்துச்சு?"

"வேப்பிலதான் வெக்க முடியல, எவனாச்சும் நுழைஞ்சுடப் போறான்னு காலைலயே பூட்டிக்கினு போனேன். ஏன்டா?" காலிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டாள். "குடிச்சிட்டியா, நைனா!"

நான் மறுக்கவில்லை. இன்னும் ஊற்றச் சொன்னேன். மறுநாள் விடியலில் சபையார் பாடிக்கொண்டு தெருவைக் கடந்தபோது, உயிர்த்தெழுந்தார் என்ற வார்த்தையை வாய்க் கொப்புளம் எரிய எரிய நானும் சொன்னேன்.

காய்ச்சல் பிரமை என்கிறார்கள் நண்பர்கள், நானும் எனக்கு அப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு இருக்க, கெண்டைக்காலில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் ஒன்றுமில்லை. முடி முளைப்பதில்லை. எங்கள் ஊர்க் கொசு விட்டுவைத்த இடம் உண்டா, அங்கே அதுகூட உட்காருவதில்லை. அது செத்துப்போன தோலா, இனிமேல் சாகாத தோலா, எனக்குத் தெரியவில்லை. குளிக்கும்போது அந்த இடத்தைத் தொடாமல் சுற்றித்தான் சோப்புப் போடுகிறேன்.