காலியாகிப்போன சேனல்கள்

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் வைஃபை பழுது பார்க்க வருபவர் மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். ரவுட்டரைத் தொடுவதற்கு முன், போனில் தெரியும் வைஃபை பெயர்களைப் காலைப் பெரட்டில் கங்காணி ஆள் கூப்பிடுவதுபோல உரக்க வாசிப்பார்.

தேயிலை விலை விழுந்து, ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மகளின் ஆன்லைன் வேலையில்தான் வீடு நடந்தது. நெட்டோ அடிக்கடி அறுந்தது. அவர் வந்து எங்கள் வைஃபை அலைவரிசையைப் பதினொன்றாம் சேனலுக்கு மாற்றியதும் சரியானது. இரண்டே வாரத்தில் மறுபடியும் இழுத்தது.

மறுமுறை வந்து, போனில் தெரிந்த பத்துப் பெயர்களையும் வாசித்தவர் நிமிர்ந்தார்.

"ஏனுங்க, எல்லா ஊடும் பதினொன்னுலயே இருக்குதுங்களே? ஒரே சேனல்ல இத்தனை பேரு நின்னா நெரிசல்தானுங்க."

"நல்லா வருதுன்னு நான்தாங்க எல்லார்த்துகிட்டயும் சொன்னேன்."

அவர் கோபப்படவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி ஒன்று, ஆறு, பதினொன்று என்று பிரித்து வைத்தார்.

டீ கொடுக்கும்போது, "உங்க ஊட்டுல எந்தச் சேனலுங்க?" என்று கேட்டேன்.

"எதுல வெச்சாலும் ஒண்ணுதானுங்க. எங்க எஸ்டேட் லைன்ல எல்லாரும் வேலை தேடித் திருப்பூர் போயிட்டாங்க. போன்ல என் பேரு மட்டுந்தான் காட்டுது."

ஆறு மாதமாக எங்கள் வீட்டில் நெட் தடையில்லாமல் வருகிறது. நேற்று அவரைப்போலவே பெயர்களை உரக்க வாசித்துப் பார்த்தேன். பத்து இருந்த இடத்தில் நான்கோடு முடிந்துவிட்டது.