சொல்லிக்கொண்டு போன பிள்ளைகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே என் சட்டங்களைப் போட்டுவிடுவேன். கடலூரை ஒட்டிய மீனவ கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். பாதிக் கோபம் பஸ் நெரிசலிலேயே ஏறிவிடும், மீதியைப் பிள்ளைகள் ஏற்றிவிடுவார்கள். ஏழாம் வகுப்புக்கு நான் போட்ட சட்டங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுப்பாடத்தை அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதக் கூடாது. தினமும் யாராவது முன்னால் வந்து நாலு வரி பேச வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. அர்த்தம் தெரியாமல் ஒரு வாக்கியமும் வாயிலிருந்து வரக் கூடாது, யார் கேட்டாலும் தமிழில் சொல்லத் தெரிய வேண்டும். சாயங்காலம் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. வாசலில் நின்று, "ஸீ யூ டுமாரோ மிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

கடைசிச் சட்டம் மட்டும் நன்றாக ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமைகூட டுமாரோ என்பார்கள். பெட்டிக்கடைக்காரரிடம் சொன்னார்கள், மீன் எடுக்க வரும் வியாபாரியிடம் சொன்னார்கள். தெருவில் இதே ரோதனையாக இருக்கிறது என்று எங்கள் சத்துணவு அம்மா அலுத்துக்கொண்டார்.

அந்த வகுப்பில் முன்னால் வந்து பேசக் கூப்பிட்டால் தலையைக் குனியாதவள் ஒருத்திதான். தப்பாகப் பேசினாலும் நிறுத்தாமல் பேசுவாள். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் கொஞ்சம் துணிச்சல் வந்தது. புரட்டாசியில் ஒரு காலை, கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிகிற வரை ஊரில் ஒரு படகும் கடலில் இறங்கவில்லை.

பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து அவளுடைய தாய்மாமா வந்து எல்லாவற்றையும் எடுத்துச் செய்தார். கருமாதி முடிந்ததும் அக்காவையும் பெண்ணையும் தன் ஊருக்கே கூட்டிக்கொண்டு போவதென்றும், பெண் படித்தவரை போதும் என்றும் அவர் முடிவு செய்திருப்பதாக சத்துணவு அம்மா சொன்னார். வகுப்பில் துணிந்து வாய் திறக்கிற ஒரே பிள்ளை அவள். ஆனால் அந்த மனிதர் மேல் கோபப்படவும் முடியவில்லை. இரண்டு குடும்பத்தைத் தனி ஆளாகத் தாங்கத் துணிந்தவர். துக்கம் கேட்கப் போகும்போது பக்குவமாகப் பேசிப் பார்க்கலாம் என்று, அவளுக்கு நெருக்கமான பிள்ளைகள் சிலரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவள் அம்மாவின் மடியில் தலை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்று கை காட்டினேன். மாமாவிடம் படிப்பைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். பார்க்கலாம் என்றார். அந்த அளவுக்காவது சொன்னாரே என்றிருந்தது.

துக்க வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வருகிறேன் என்றால் இன்னொரு துக்கத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். நான் பேசாமல் எழுந்து, பேசாமல் செருப்பை மாட்டினேன். பிள்ளைகளுக்கும் இந்த வழக்கம் தெரியாததல்ல. ஆனால் டீச்சரோடு வந்திருக்கிறோம், டீச்சர் கிளம்புகிறார், வாசலில் நிற்கிறோம் என்றதும் அவர்களுக்கு வகுப்புதான் ஞாபகம் வந்திருக்கிறது. வரிசையாக நின்று, உள்ளே பார்த்து, ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஸீ யூ டுமாரோ."

உள்ளே அழுகை நின்றுவிட்டது. என்னடா அது என்று ஒரு கிழவி கேட்டாள். கேட்டால் அர்த்தம் சொல்ல வேண்டும் என்பதும் என் சட்டம்தானே. வகுப்பில் என்ன மிரட்டினாலும் வாய் திறக்காத ஒரு பையன் அன்றைக்கென்று திறந்தான்.

"நாளைக்குப் பாக்கலாம்னு சொன்னோம் ஆயா."

கிழவி வாயில் அடித்துக்கொண்டாள். மாமா வெளியே வந்தார். குரலை உயர்த்தாமல், "இதத்தான் சொல்லிக் குடுக்குறீங்களா டீச்சர்?" என்று கேட்டார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். அந்தப் பெண்ணின் படிப்பு இதோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். சிதம்பரம் வரும்வரை கண்ணீர் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், வீட்டில் ஏதாவது நடந்துவிட்டதா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

மறுநாள் வகுப்பில் கத்தித் தீர்த்தேன். இனிமேல் அந்த வீட்டுப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது என்றேன். அந்தப் பையன் எழுந்து, "சொல்லிட்டோமே மிஸ்" என்றான். அர்த்தம் தெரிந்துதான் பேச வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னவள் நான். மணி அடித்ததும் அந்த வீட்டுக்குத்தான் போனார்கள். வீட்டுக்குள் விடவில்லையாம். எதிர்ச்சுவர் நிழலில் உட்கார்ந்து, அன்றைய பாடத்தை அவள் காதில் விழும்படி வாசித்துவிட்டு, கிளம்பும்போது அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். மாமா அதட்டியும் பார்த்திருக்கிறார். கருமாதி வரை ஒரு சாயங்காலமும் விடவில்லை.

கருமாதி அன்று தயங்கித் தயங்கித்தான் போனேன். சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் கலைந்திருந்தார்கள். வாசலில் நின்ற மினி வேனில் பீரோவும் தையல் மெஷினும் ஏற்றியாகிவிட்டது. மாமா கயிறு கட்டிக்கொண்டே, பொழுது சாய்கிறது, ஏறுங்கள் என்றார். பெண் பையைத் தூக்கிக்கொண்டு வேனருகில் நின்றாள். அவள் அம்மா படியை விட்டு இறங்கவில்லை.

"நான் வரல தம்பி. பீரோவ எறக்கு."

இங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார்.

"இந்த வாசல்லேந்து போனவங்க ஒருத்தரும் சொல்லிட்டுப் போவல. வழக்கம், தப்பு சொல்லல. அவருந்தான் அன்னிக்குக் காலையில சொல்லாமப் போயிட்டாரு. இந்தப் புள்ளைங்க மட்டுந்தான் நாளைக்குப் பாக்கலாம்னு சொன்னாங்க. சொன்னபடி வந்தாங்க. நாளைக்கும் வருவாங்க தம்பி. இவ இல்லன்னா அதுங்க யாரப் பாக்கும்?"

மாமா எதிர்ச்சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். பீரோவை இறக்க ஒரு ஆள் போதாது. நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபக்கம் பிடித்தேன்.