தீர்ந்த தோட்டாக்கள்

வெள்ளறடை ஊர் யோசுவாவுக்குக் காட்டுப்பன்றிகளோடுதான் பகை, மனிதர்களோடு கிடையாது. பர்மாவில் பட்டாளத் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்தவர். ஊர் திரும்பியபின் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தைக் காக்க, பட்டாளம் கழித்துவிட்ட பழைய ரைஃபிள் ஒன்றை லைசென்ஸோடு வைத்திருந்தார். அதற்குத் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, வெடிமருந்தும் ஈயமும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவார். அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. மனைவி ரத்னபாய் பசியோடு முணுமுணுப்பாள்.

தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்த வருடம் அது. பாறசாலைப் பக்கம் போலீஸ் லாரிகள் திரிந்தன. கூட்டம் கூடினால் தடியடி. ரத்னபாயின் தம்பி விஜயதாஸ் வீங்கிய தோளோடு வந்து, துப்பாக்கியும் தோட்டாவும் கேட்டான்.

"எனக்க தோட்டா பன்னிக்காக்கும் மக்கா. மனுசனுக்கு இல்ல," என்றார் யோசுவா.

விஜயதாஸ் சுவரில் தொங்கிய துப்பாக்கியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். கத்தியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள், புதிதாக நிறைத்த தோட்டாக்களைத் துடைத்தபோது அடிப்பக்கம் மெல்லிய விரிசல் தெரிந்தது. பலமுறை நிறைத்த கூடுகள். சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். தன் கஞ்சத்தனத்தை நொந்தபடி அவற்றை டப்பாவில் போட்டு, "அது தீந்ததாக்கும், தொடாத" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார். உபயோகம் அற்றுப்போனது என்பது அவர் எண்ணம். ஆனால் அந்த ஊரில் வேலை முடிந்து தயாரான பொருளும் தீர்ந்ததுதான்.

திரும்பி வந்தபோது துப்பாக்கியைக் காணோம். டப்பாவையும் காணோம்.

தம்பி காலில் விழுந்து அழுதானாம். போலீஸ் லாரி வரும் வளைவுக்குப் போகிறானாம். ரத்னபாய்தான் சொன்னாள்.

"தீந்ததுண்ணுதானே நீங்க சொன்னிய? அதத்தான் எடுத்துக் குடுத்தேன்."

"பாவி, அது அவனுக்க மொகத்திலதான் வெடிக்கும்."

ரப்பர் மரங்களுக்கிடையே விழுந்தடித்து ஓடினார். வளைவு கண்ணில் படுமுன்னே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. நின்றுவிட்டார். அவன் பிழைத்திருந்தால் மறுபடியும் சுடுவான். மனிதன்மேல் தன் தோட்டா படக்கூடாது என்றிருந்தவர், "இன்னொண்ணு கேக்கட்டும் கர்த்தாவே, யாருமேல பட்டாலும் சரி" என்று வாய்விட்டு ஜெபித்தார்.

இன்னொன்று கேட்கவில்லை.